தேவ் சாரின் கீபோர்டு

முழங்காலில் ஒரு தட்டு. ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. நான் தட்டியதும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா மேடம், காலையிலயே பாத்துட்டேன், எங்க தப்புன்னு தெரிஞ்சிருச்சு" என்கிறார். காலையில் பார்த்தது நான். ஐந்தரை மணிக்கு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தேன், பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தபிறகுதான் அடுப்பு ஞாபகமே வந்தது. இவர் அப்போது குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இப்போது மணி பத்து முப்பத்தைந்து. பெரியகுளத்தில் எங்கள் வீட்டு மாடி அறை. சத்தம் கேட்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டோம், முதுகில் வேர்வை ஊறுகிறது. மேசைக்கு இடப்பக்கம், கேமராவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பிளாஸ்டிக் முக்காலியில் நான். மடியில் கீபோர்டு. காலடியில் மகள் இதழினியின் வெள்ளைப் பலகையும் ஒரு மார்க்கரும். ஆரம்பத்தில் சிலேட்டும் சாக்பீஸும்தான் வைத்திருந்தோம், அது கிறீச்சிட்டது, என்ன சத்தம் தேவ் என்று சென்னை ஆபீஸிலிருந்து கேட்டார்கள், அணில் மேடம், ஓட்டுல ஓடுது என்று இவர் கூசாமல் சொன்னார். எங்கள் வீடு காங்கிரீட் போட்ட வீடு. இவர் முன்னாலும் ஒரு கீபோர்டு இருக்கிறது. அதன் வயர் எதிலும் சொருகாமல் மேசைக்குப் பின்னால் சும்மா தொங்குகிறது. திரையில் எழுத்து ஓடும்போது தோள் அசையாவிட்டால் சந்தேகம் வரும் என்று இவரே கண்டுபிடித்த ஏற்பாடு. நான் தட்டத் தட்ட இவரும் தட்டுவார். இரண்டு வருஷத்தில் நல்ல பழக்கம் வந்துவிட்டது, சில நாள் என்னைவிட வேகமாகத் தட்டுகிறார். சிரிக்கலாம். நானே சிரித்திருக்கிறேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப சொல்லுங்க தேவ், என்ன நடந்துச்சு?" சென்னை ஆபீஸில் இவருக்கு மேலதிகாரி, ஹேமலதா மேடத்தின் குரல். கத்தமாட்டார். கத்தினால்கூடத் தேவலை. என்ன நடந்தது என்றால், பதினொரு லாரி வாழை வீணாய்ப் போனது. கப்பலுக்காகப் பெட்டியில் அடுக்கிய வாழை, எங்கள் தேனிப் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டியது. சரக்கு ஏறியதும் எந்த லாரி எந்தக் கிட்டங்கிக்கு, அதாவது எந்தச் சரக்குக் கிடங்குக்கு, போக வேண்டும் என்று எங்கள் புரோகிராம்தான் ஓட்டுநரின் போனுக்குச் சொல்லும். முதலில் அந்தக் கிட்டங்கியில் குளிர்வசதி இருக்கிறதா என்று பார், அப்புறம் இடம் இருக்கிறதா என்று பார். இதுதான் வரிசை. முந்தாநாள் மத்தியானம் வேறு எதையோ சீர்செய்யப் போய் நான் அதை மாற்றி எழுதிவிட்டேன். முதலில் இடம். இடம் இருந்தால் போ. குளிரைப் பற்றிய கேள்வியே வராது. நேற்றுப் பதினொரு லாரியும் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கிட்டங்கி வாசலில் போய்ப் பகல் முழுக்க வெயிலில் நின்றன. சூட்டில் காய் எல்லாம் வெம்பிக் கனியத் தொடங்கிவிட்டது, அதைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கீழேயிருந்து மாமியார், "மீனா, கொத்தமல்லி ஆய்ஞ்சியா இல்லியா, மாடியில என்னதான் பண்ற" என்று கூப்பிட்ட நேரத்தில்தான் முந்தாநாள் அதை மாற்றி எழுதினேன். பள்ளி வேன் வேறு தெருமுனையில் ஆரன் அடித்தது. இந்தா வர்றேன் அத்தை என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை முடித்தேன். இப்படிச் சொன்னால் மாமியார் மேலும் வேன் மேலும் பழியைப் போடுகிற மாதிரி இருக்கிறது. இல்லை. நான் செய்த தப்பு. நன்றாகத் தெரிந்தே ஒரு தரம் திருப்பிப் பார்க்காமல் எழுந்து போனேன். அந்தத் தோட்டக்காரர் யாரோ, அவர் வீட்டில் இன்றைக்கு என்ன பேச்சோ. 

பலகையில் எழுதிக் காட்டுகிறேன். குளிர், இடம், வரிசை மாறிப்போச்சு. இவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அழகாக விரித்துச் சொல்கிறார். இவருக்கு அந்த வரம் உண்டு. மூன்று வார்த்தை கொடுத்தால் மூன்று நிமிஷம் பேசுவார், கேட்கிறவர் தலையாட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான், என் அப்பா அரை மணி நேரம் தலையாட்டினார். இவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் அம்மாவுக்கு எதிராக எனக்காக எத்தனையோ தரம் பேசியிருக்கிறார், துணி காயப்போடுவார், இதழினிக்குத் தலை பின்னிவிடுவார். இந்த ஏற்பாட்டை முதலில் சொன்னதும் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பிறந்து ஐந்து வருஷம் வீட்டில் இருந்தேன். அப்புறம் வேலை தேடினால் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, இந்த அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க? பிள்ளை வளர்த்தேன் என்றால், தகவல் சொல்றோம் என்பார்கள். ஒரு தகவலும் வராது. காலேஜில் இவரைவிட எனக்குத்தான் மார்க்கு அதிகம். ஆனால் இவர் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவில் எட்டு வருஷம் இடைவெளி இல்லாமல் குப்பை கொட்டியிருந்தார். வீட்டிலிருந்தே வேலை என்று இந்த விளம்பரம் வந்தபோது, வேலை எனக்குப் பொருந்தியது, அனுபவம் அவரிடம் இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போங்க என்றேன். சேர்ந்து என்றுதான் சொன்னேன். முதல் மாதம் சேர்ந்துதான் பார்த்தோம். மூன்றாவது மாதம் இவர் மீட்டிங்குக்கு மட்டும் வந்து உட்கார்ந்தார். தெய்வேந்திரன் என்ற பெயரை அவர்கள் தேவ் என்று நறுக்கிக்கொண்டார்கள். இவரும் ஊரில் நண்பர்களிடம் தேவ் என்றே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். எனக்கு எந்தப் பெயரும் நறுக்கப்படவில்லை, நறுக்க என்ன இருக்கிறது. போன மாசம் மாமனார் பேப்பரைப் படித்துவிட்டு, "பாத்தியாத்தா, நம்ம மாநிலந்தான் எல்லாத்தையும் முந்திக்கிட்டு வளருதாம், இனி எல்லாருக்கும் உக்காந்த எடத்துலயே வேலையாம்" என்று என்னிடம் வாசித்துக் காட்டினார். அதே வாரம் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வீட்டில் யார் யார் என்ன தொழில் என்று கேட்டாள். மகனைப் பற்றி மாமியார் ஐந்து நிமிஷம் சொன்னார். மருமகள்? "அவ வீட்ல சும்மாதான் இருக்கா." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஒரு கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டாள்.

நம்ம பேர். அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். மீட்டிங் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மீனா, என்ன ஆனாலும் இதுல நம்ம பேர் வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். நம்ம பேர் என்றால் எது? தேவ் என்ற பெயர். அது எனக்கும் சேர்த்தா? ஒருவகையில் எனக்குத்தான். தேவ் எழுதினது அருமை, தேவ் மாதிரி யோசிக்கணும் என்று மேடம் சொல்லும்போதெல்லாம் எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. இவருக்குச் சிலிர்த்ததாகத் தெரியவில்லை, பழகிவிட்டது. அடுத்த மாசம் கம்பெனி மதுரையில் கிளை திறக்கிறது. தேவ்தான் அதற்குத் தலைவர் என்று பேச்சு. வாரம் மூன்று நாள் நேரில் போக வேண்டும். அங்கே முக்காலி ஏது, முழங்காலில் தட்டுவது யார் என்று கேட்டேன். "காதுல ஒண்ணு மாட்டிக்கிறேன், முடி மறைச்சிரும். நீ இங்கருந்து சொல்லு, நான் அங்க பேசுறேன்" என்றார். கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நம்புகிறவரிடம் என்ன பேசுவது? முடியை வேறு வளர்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அன்றைக்கே பயம் வந்துவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் என்று நினைத்தேன். இப்போது இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. மாட்டாமலே போய்விட்டால்? இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டால்? தலையெல்லாம் நரைமுடி பறக்க இந்த முக்காலியில் உட்கார்ந்து இவருடைய முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தால்?

"அது புரியுது தேவ். வரிசை மாறிடுச்சு. யார் மாத்துனது?" மேடம் கேட்டுவிட்டார். இதற்காகத்தான் இந்த மீட்டிங். திரையில் மூன்று கட்டம். ஒன்றில் மேடம், ஒன்றில் இவர், இன்னொன்றில் ஜெபசெல்வி. நாசரேத்தில் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண், இருபத்திரண்டு வயது, சேர்ந்து நான்கு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து சரி என்று ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அது லாரிகளுக்குப் போகும். முந்தாநாள் அழுத்தியது அவள். நான்தான் தேவ் பெயரில், கொஞ்சம் சீக்கிரம் பாத்துருங்க ஜெபா என்று அனுப்பினேன். கொத்தமல்லி காத்திருந்தது. சரி சார் என்று ஒரு நிமிஷத்தில் அழுத்திவிட்டாள், தேவ் சார் எழுதினால் தப்பே இருக்காது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நான் பலகையை எடுத்தேன். என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை, நான்தான் என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அதைப் பார்த்தேன். இவர் வாசித்தால் இவருடைய தப்பாகிவிடும், அதுவும் சரிதான், தேவ் செய்தது. காட்டினேன். இவர் பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார், கண் ஒரு கணம் கீழே இறங்கி ஏறியது. அப்புறம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மேடம், குறை சொல்றதுக்காகச் சொல்லல. ஜெபாதான் அந்த வரிசைய மாத்துனா வேகமா ஓடும்னு ஒரு யோசனை குடுத்தாங்க. புதுசுல்ல, ஆர்வத்துல சொல்லிட்டாங்க. நான் நம்பிட்டேன். அவங்கதான் பாத்து சரின்னும் அழுத்துனாங்க" என்றார்.

இரண்டு தட்டு. இல்லை. இன்னும் இரண்டு. இல்லை, இல்லை. இவர் முழங்காலை மெல்ல நகர்த்திக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அந்தக் கால் நகர்ந்ததே இல்லை. எனக்குக் கை அந்தரத்தில் நின்றது. ஜெபா கட்டத்தில் வாய் திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை, பதற்றத்தில் மைக்கைப் போட மறந்துவிட்டாள். அப்புறம் போட்டாள். "மேடம், நான்... நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல மேடம். சார் சொல்றாவன்னா..." அத்தோடு நிறுத்திவிட்டாள். சார் சொல்றாவன்னா. சார் பொய் சொல்வார் என்று நினைக்கக்கூட அவளுக்கு வரவில்லை, தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்படுகிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்து, அவள் அம்மாவாக இருக்கும், ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. மகள் பெரிய கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று சந்தோஷமாய்க் கதவை மூடியிருப்பாள். "ஜெபா, உங்களுக்கு இது தொடக்க காலம்" என்று மேடம் ஆரம்பிக்கிறார், அந்தச் சாந்தமான குரலில், எனக்கு அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிகிறது, தகவல் சொல்றோம் என்பதும் இதே குரல்தான். வேலை போனால் இவள் அடுத்த இடத்தில் என்ன சொல்வாள்? நான்கே மாதத்தில் ஏன் விட்டீர்கள் என்பார்கள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, எங்காவது ஒரு மாடி அறை. நான் எதற்கு இவ்வளவு தூரம் யோசிக்கிறேன்? எனக்கு என்ன போயிற்று? போகும். எல்லாம் போகும். இவர் வேலை போகும், மதுரை போகும், நாளைக்குக் கீழே மாமியார் என் முகத்தில் விழிக்கமாட்டார், ஆள் மாறாட்டம் என்று கம்பெனி கேஸ்கூடப் போடலாம், இந்த வீட்டில் நான் ஊன்றி நிற்கும் இடம் இதுதான், இந்த முக்காலி. எழுந்திருக்காதே மீனா. இவர் பயத்தில் சொல்லிவிட்டார், மீட்டிங் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம், ஜெபாவுக்கு நானே நல்ல வார்த்தை எழுதி அனுப்பலாம், தேவ் பெயரில். தேவ் பெயரில்! அந்த ஜெபாவின் கண். பதினொரு லாரியும் வெயிலில் நிற்கிறது. எழுந்திருக்காதே. எழுந்திருக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்த கீபோர்டு தரையில் விழுந்தது.

கேமராவில் நான் முழுசாகத் தெரியவில்லை, தோளும் பாதி முகமும். இவர் என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார், மேசைக்குக் கீழே, யாரும் பார்க்காதபடி. "மேடம், அந்தத் தப்பு நான் செஞ்சது" என்றேன். தமிழில்தான் சொன்னேன். இவரைப்போல அலங்காரம் வரவில்லை. "ஜெபா ஒண்ணும் சொல்லல. சீக்கிரம் பாருங்கன்னு அவசரப்படுத்துனதும் நான்தான்." இவர், "மேடம், என் வொய்ஃப், கொஞ்சம் உடம்பு சரியில்ல..." என்று சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்புதான் என்னை நேராக நிற்கவைத்தது, முந்தானை அவர் கையிலிருந்து விடுபட்டது. "உடம்புக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு வருசமா எல்லாத்தையும் எழுதுனது நான் மேடம். அவர் பேசுவாரு, நான் செய்வேன். எங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு. அந்தப் பிள்ளை மேல இல்ல." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உங்க பேரென்ன?" என்றார். "பாண்டிமீனா." இந்தக் கம்பெனியில் என் பெயரை நான் சொல்வது இதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு தப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். "இத நான் மேல சொல்லாம இருக்க முடியாது பாண்டிமீனா. தெரியும்ல?" "தெரியும் மேடம், சொல்லுங்க." இவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் இருந்தது, இரண்டில் எது பெரிது என்று பார்க்க அவகாசம் இல்லை. "அதெல்லாம் அப்புறம். இன்னும் அரை மணி நேரத்துல அடுத்த லாரிகள் கிளம்புது" என்றார் மேடம். "எந்த வரிய மாத்தணும்?" நான் இவர் தோளைத் தொட்டேன். அவர் எழுந்து நாற்காலியை விட்டு விலகினார். உட்கார்ந்தேன். கேமராவின் சிவப்பு விளக்கு நேராகக் கண்ணுக்கு எதிரே இருந்தது, இத்தனை நாள் பக்கவாட்டில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். "நூத்திப் பதினாலு மேடம்" என்றேன். குரல் நடுங்கியது. எண் சரியாக இருந்தது.